வயற்குறிப்பும் கைபேசியும்

குடியானவர்கள் புதியதொன்றை எளிதில் ஏற்பதில்லை என்று குறை கூறுவோர் பலர். இக்குறை முற்றிலும் நியாயமானதன்று. கடை வைத்திருப்பவர் புதிய சரக்கொன்றை வாங்கி, அது விலை போகாவிடின், அடுத்த வாரமே வேறு சரக்கை வாங்கிக்கொள்ளலாம். குடியானவருக்கோ ஒரு போகம் தவறினால் மறு போகம் வரும் வரையில் காத்திருத்தல் வேண்டும். ஒருவர் தம் ஆயுளில் நாற்பது அல்லது ஐம்பது முறையே சம்பா நடுகிறார். அவற்றுள் ஒன்றைப் பரீட்சைக்கு ஒப்புவிக்க அவர் யோசிப்பாராயின், அது விவேகமேயன்றி அறியாமையன்று.

ஆயினும் தயக்கம் வேறு, மறுப்பு வேறு. மறுப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தயங்குபவரோ வரப்பின்மீது நின்று அடுத்த வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வரப்பைவிட்டு இறங்கும் நாள் எதனால் வருகிறது என்பதை ஆராய்ந்து, நமது கிராமங்களுக்குரிய பாடத்தை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

அயோவாக் குடியானவர்களின் தயக்கம்

இத்தயக்கம் நமது நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அயோவா மாகாணம் மக்காச்சோளத்திற்குப் பெயர் பெற்றது. அங்கு 1928ஆம் வருஷத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்பனைக்கு வந்தது. பழைய விதையைவிட இது ஏறத்தாழ 20 சதவீதம் அதிக மகசூல் தந்தது. வறட்சியையும் நன்கு தாங்கிற்று. இருந்தும், ஐந்து வருஷங்கள் சென்ற பின்னரும் பத்தில் ஒரு பங்குக் குடியானவர்களே அதனைக் கைக்கொண்டிருந்தனர். சொந்த வயலிற் பொறுக்கியெடுத்த விதையை விட்டு, வருஷந்தோறும் காசு கொடுத்து விதை வாங்கவேண்டியிருந்தது ஒரு காரணம்.

ரையன், கிராஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அம்மாகாணத்துக் குடியானவர்கள் 259 பேரை நேரிற் கண்டு விசாரித்து, 1943இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். 1941ஆம் வருஷத்திற்குள் அவர்களுள் இருவர் நீங்கலாக ஏனையோர் யாவரும் புதிய விதைக்கு மாறியிருந்தனர். அவ்விதையைப் பற்றி முதலில் கேள்வியுற்றது யார் வாயிலாக என்று வினவியபோது, விதை விற்க வந்தவர் வாயிலாக என்றே ஏறத்தாழ பாதிப்பேர் கூறினர். எவருடைய பேச்சை நம்பி வாங்கினீர்கள் என்று வினவியபோதோ, அண்டை வயற்காரர் என்பதே மற்றெவ்விடையினும் மிகுதியாக வந்த விடையாக இருந்தது. அவர்களிற் பலர் முதலாண்டிலேயே நிலம் முழுவதும் விதைத்துவிடவில்லை. ஒரு மூலையில் சிறிது விதைத்துப் பார்த்துப் பின்னரே பரப்பை விரித்தனர்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. செய்தியைக் கொண்டுவருபவர் ஒருவர்; நம்பிக்கையைத் தருபவர் மற்றொருவர். நம்பிக்கை தருபவர், தம்மைப் போலவே சேற்றில் இறங்கியவராக இருத்தல் வேண்டும்.

ஒரு பெரியவரின் கைபேசி

இனி நமது ஊர்ப்பக்கம் திரும்புவோம். காவிரிப் பாசனத்தில் இரண்டு வேலி நிலமுடைய ஒரு பெரியவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இவரைப் போன்றவர் ஊருக்கு ஒருவரேனும் இருப்பர். பட்டணத்திலுள்ள மகன் அவருக்குக் கைபேசி ஒன்று வாங்கிக் கொடுத்தான். அவ்வூர்க் குடியானவர்கள் தத்தம் வயலிற் கண்டதைக் கைபேசி மூலம் ஒருவருக்கொருவர் எழுதியனுப்பும் வழக்கத்தை ஏற்கனவே தொடங்கியிருந்தனர். பெரியவரோ தம் கைபேசியை மூன்று மாதம் அலமாரியிலேயே வைத்திருந்தார்.

அவர் கூறிய ஆட்சேபங்கள் மூன்று. “எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, மண்வெட்டி பிடித்த விரலுக்கு அந்தச் சிறு கட்டங்கள் அகப்படவில்லை” என்பது முதலாவது. “வயலில் கால் வைக்காதவர்கள் சொல்லும் யோசனைகளே அதில் மிகுதியாக வருகின்றன” என்பது இரண்டாவது. மூன்றாவதை அவர் வெளிப்படையாகக் கூறவில்லை. தம் வயலிற் கண்டதைத் தாம் எழுதி, அது தவறாகப் போனால் ஊர் சிரிக்குமே என்ற கூச்சமே அது. முதலிரண்டு தடைகளும் எளிதில் நீங்கக்கூடியவை. மூன்றாவதே உண்மையான தடை.

அந்த வருஷம் சம்பாப் பயிரில், ஒரு நாட்காலை அவர் குத்தைப் பிரித்துப் பார்த்தபோது அடித்தூரில் புகையான் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டார். அனுபவசாலியாதலால் உடனே தண்ணீரை வடித்தார். இடவேண்டிய மேலுரத்தை நிறுத்திவைத்தார். அவருடைய பயிர் தப்பியது. கீழ்மடைக்காரரோ அதே வாரத்தில் தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டு, வயலில் தண்ணீரையும் தேக்கிவைத்திருந்தார். இரண்டு வாரத்திற்குள் அவ்வயலிற் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது. நான்கு மாவில் வைக்கோலும் தேறவில்லை.

கீழ்மடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. “அண்ணே, தூரில் பூச்சி இருந்ததை நீங்கள் முன்னமே கண்டீர்களாமே; ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா?” என்று மட்டும் கேட்டார். பெரியவரால் பதில் கூற இயலவில்லை. அன்றிரவு அவரே பேத்தியை அழைத்து, “அந்தக் கருவியை எடுத்து வா, அம்மா. நான் சொல்லச் சொல்ல எழுது” என்றார்.

பெரியவரின் மனம் மாறியது கருவியின் சிறப்பைக் கேட்டதனாலன்று. தம் வாயில் இருந்த ஒரு சொல்லுக்கு நான்கு மா மதிப்பு உண்டு என்று உணர்ந்ததனாலேயே மாறியது. இதுவே இவ்வியாசத்தின் சாரம். புதிய கருவி பிறர் சொல்வதைக் கேட்பதற்கு மட்டும் உரியதாக இருக்கும்வரையில் குடியானவர் அதனைத் தூரத்திலேயே வைக்கிறார். தம் சொல்லையும் அது ஏற்கும் என்று கண்டபின் அதனைத் தமதாக்கிக்கொள்கிறார். வானொலி கிராமங்களுக்கு வந்த வரலாறும் இதனையே காட்டுகின்றது.

வானொலி கற்பித்த பாடம்

கனடா தேசத்தில் 1941ஆம் வருஷம் குடியானவர்களுக்கென வானொலிச் சபை ஒன்று தொடங்கி, 1965 வரையில் நடைபெற்றது. வாரத்தில் ஒரு மாலை அண்டை வீட்டார் ஓரிடத்திற் கூடி ஒலிபரப்பைக் கேட்பர். கேட்டபின் வானொலிப் பெட்டியை நிறுத்திவிட்டு, கேட்ட விஷயத்தைத் தங்களுக்குள் விவாதிப்பர். விவாதத்தின் முடிவை எழுதி மாகாண அலுவலகத்திற்கு அனுப்புவர். அவ்வாறு வந்தவற்றின் சுருக்கம் பின்னர் ஒலிபரப்பப்படும். இச்சபை நன்கு செழித்திருந்த காலத்தில் சுமார் 1,600 குழுக்கள் இவ்வாறு கூடின.

இம்முறையைப் பின்பற்றி, 1956ஆம் வருஷம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில், யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி பூனா நிலையத்தைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தியது. அப்போதைய பம்பாய் மாகாணத்தின் ஐந்து ஜில்லாக்களில் ஏறத்தாழ 150 கிராமங்கள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு குழு வாரம் இருமுறை கூடி, அரை மணி நேர ஒலிபரப்பைக் கேட்டது. மொத்தம் 20 ஒலிபரப்புக்கள். குழுவின் காரியதரிசி விவாதத்தையும் சந்தேகங்களையும் எழுதி நிலையத்திற்கு அனுப்ப, விடைகள் வானொலியிலேயே கூறப்பட்டன.

பரீட்சையின் பலனை பால் நியூராத் என்னும் அறிஞர் மதிப்பிட்டார். குழுக் கூடிய கிராமங்கள், வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமங்கள், பெட்டியே இல்லாத கிராமங்கள் என மூவகையும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. குழுக் கூடிய கிராமங்களில் விவசாய அறிவு தெளிவாக உயர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த கிராமங்களிலோ உயர்வு சொற்பமே. ஒலிபரப்பு ஒன்றே, கேட்டவர்களும் ஒரே வகைக் குடியானவர்களே. திருப்பிப் பேசவும் எழுதவும் இடமிருந்ததே வித்தியாசம்.

தமிழ்நாட்டிலும் வானொலிக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில், ஜப்பானிய இனத்தையும் நமது நாட்டு இனத்தையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ஆ.து. 27 என்ற குறுவை நெல், 1960களின் நடுவில் தஞ்சை ஜில்லாவில் வேகமாகப் பரவிற்று. திருச்சி வானொலி நிலையம் அதன் சாகுபடி முறையை இடைவிடாது எடுத்துக் கூறியமையால், குடியானவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு வழங்கினர். ஆராய்ச்சிப் பண்ணை கொடுத்த எண்ணை விடுத்துத் தாங்களே ஒரு பெயர் சூட்டியது, அந்நெல்லையும் அக்கருவியையும் அவர்கள் தங்களுடையனவாக ஏற்றதற்கு அடையாளமன்றோ?

புதுவைக் கிராமங்களில் கம்ப்யூட்டர்

வானொலிக்குப் பின் வந்த கருவி கம்ப்யூட்டர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998ஆம் வருஷத்தில் புதுவையைச் சார்ந்த கிராமங்களில் செய்தி நிலையங்களை அமைக்கத் தொடங்கினர். வில்லியனூர் அவற்றிற்கு மத்திய நிலையம். இடத்தைக் கிராமத்தாரே இலவசமாகத் தரவேண்டும், எல்லாச் சாதியாரும் தடையின்றி உள்ளே வரவேண்டும் என்பன நிபந்தனைகள். எம்பலம் என்னும் ஊரில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே நிலையம் அமைந்தது. அதனை நடத்தியவர்கள் அவ்வூர்ப் பெண்கள்.

அவர்களுள் முன்னர் கம்ப்யூட்டரைத் தொட்டறியாதவர் பலர். தானிய விலை, விதை, உரம் கிடைக்குமிடம், அரசாங்க உதவிகள் முதலிய விவரங்களைச் சுற்றுப்புறத்தில் விசாரித்துத் தமிழில் அவர்களே பதிவுசெய்தனர். கடற்கரையூராகிய வீராம்பட்டினத்தில், அன்றன்று அலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்னறிவிப்பு ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்குச் சொல்லப்பட்டது. நாளடைவில் அந்நிலையங்களிலிருந்து ‘நம்ம ஊரு செய்தி’ என்ற பத்திரிகையும் வெளிவந்தது. பிறர் எழுதியதைப் படிக்க வந்தவர்கள் தாமே எழுதுபவராயினர்.

இவ்வேற்பாட்டின் பயன் 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் நாள் விளங்கிற்று. சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு கிராமத்தவர் ஒருவர், கடல் பொங்கும் ஆபத்தைத் தொலைக்காட்சியில் அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் கூறினார். ஊரார் செய்தி நிலையத்தின் ஒலிபெருக்கியைக் கொண்டு எச்சரிக்கவே, மக்கள் கரையைவிட்டு அகன்று உயிர் தப்பினர். அன்று பயன்பட்டவை ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியுமே. இன்னாரிடம் சொல்ல வேண்டும், இங்கிருந்து ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்ற பழக்கம் முன்னமே ஏற்பட்டிருந்ததனால்தான் அவை பயன்பட்டன. பழக்கம் அமைதியான நாட்களில் உண்டாகவேண்டும். ஆபத்து நாளில் உண்டாக்க முடியாது.

வயற்குறிப்பு எழுதும் முறை

மேற்கூறிய பெரியவர் தொடங்கிய வழியையே யாவரும் மேற்கொள்ளலாம். அதற்கு இலக்கணப் பயிற்சி வேண்டியதில்லை. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் ஒரு கைபேசியும் போதும். முதலில் நோட்டில் எழுதுக. பின்னர் அப்பக்கத்தைப் படம் பிடித்து ஊராருக்கு அனுப்புக. விரலால் எழுத இயலாதவர் வாயாற் சொல்லிக் குரலாகவே அனுப்பலாம். பேசுவதைத் தமிழெழுத்தாக மாற்றித்தரும் வசதியும் கைபேசியில் உண்டு. கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குறிப்பிலும் கீழ்க்கண்டவை இருத்தல் அவசியம்:

1. தேதியும் வயலின் பெயரும் பரப்பும்.
2. பயிரின் ரகமும், நட்டு எத்தனையாம் நாள் என்பதும்.
3. மழையும் வயலில் நிற்கும் தண்ணீரின் அளவும்.
4. கண்ணாற் கண்டது. எண்ணக்கூடியதாயின் எண்ணிக்கை.
5. செய்தது. அதற்கான செலவு.
6. சில நாள் சென்றபின் அதன் பலன். நஷ்டமாயினும் எழுதுக.

மழையை அளக்க, பக்கங்கள் நேராகவுள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, நின்ற நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தாற் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் தண்ணீருக்குச் சமம் என்பதை நினைவில் வைத்தால், எந்த மழைக்குப்பின் மடையைத் திறக்கவேண்டியதில்லை என்பது தானே விளங்கும்.

பெரியவர் சொல்லிப் பேத்தி எழுதிய குறிப்பு மாதிரிக்காகக் கீழே தரப்படுகிறது:

“ஐப்பசி 12. வடக்கு வயல், 5 மா. சம்பா, நட்டு 38ஆம் நாள். மூன்று நாளாக மழை. தண்ணீர் நான்கு விரல் நிற்கிறது. அடித்தூரில் புகையான், குத்துக்கு 8 முதல் 10. சிலந்தி ஓரிரண்டே. தண்ணீரை வடித்தேன். மேலுரத்தை நிறுத்தினேன். ஐந்தாம் நாள் மறுபடி பார்க்கவேண்டும். கீழ்மடைக்காரர்கள் இன்றே குத்தைப் பிரித்துப் பார்க்கவும்.”

இதில் அலங்காரம் ஒன்றுமில்லை. ஆயினும் படிப்பவர் செய்யவேண்டியது என்ன என்பது சந்தேகமின்றி விளங்குகிறது. ஐந்தாம் நாள் அவர் எழுதிய அடுத்த குறிப்பில், பூச்சி குறைந்தது என்பதோடு, கிழக்கு மூலையில் தண்ணீர் சரியாக வடியாமையால் அங்கு மட்டும் பயிர் பழுத்தது என்பதையும் மறைக்காமற் சேர்த்தார். ஊர் சிரிக்கவில்லை. அதனைக் கண்ட இருவர் தங்கள் வயலின் வடிகாலை வெட்டிச் சீர்படுத்தினர். அதன்பின் அவருடைய கூச்சமும் நீங்கிற்று. அடுத்த குறுவையில் பேத்தி வெளியூர் சென்றிருந்தபோது, அவரே ஒரு விரலால் நான்கு வரி எழுதியனுப்பினார். அதில் எழுத்துப் பிழைகள் ஆறு இருந்தன. விஷயத்திற் பிழை ஒன்றுமில்லை.

கவனிக்கவேண்டிய எச்சரிக்கைகள்

கருவி நல்லதாயினும் உபயோகத்திற் கவனம் வேண்டும். கண்டதை எழுதுவது வேறு, கேட்டதை எழுதுவது வேறு. பிறர் சொன்னதாயின் யார் சொன்னது என்பதையும் சேர்த்தே அனுப்புதல் வேண்டும். தேதியும் ஊரும் இல்லாத செய்தியை மேற்கொண்டு பரப்பலாகாது. வண்டல் நிலத்திற்கு ஏற்றது செம்மண்ணுக்கு ஏற்காது. சென்ற வருஷத்து யோசனை இவ்வருஷத்து மழைக்குப் பொருந்தாது.

மருந்தின் பெயரையும் அளவையும் கேள்வியால் எழுதுதல் மிகவும் ஆபத்தானது. புகையான் விஷயத்தில் தகாத மருந்தை அடித்தால், அதனைத் தின்று அழிக்கும் சிலந்தி முதலியவை மடிந்து, பூச்சி முன்னிலும் பெருகும். மருந்தைப் பற்றி விவசாய இலாகாவின் அலுவலரைக் கலந்துகொள்ளுக. 2004ஆம் வருஷம் மத்திய அரசாங்கம் தொடங்கிய கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணிற் கட்டணமின்றிப் பேசித் தமிழிலேயே யோசனை பெறலாம். பணம், வங்கிக் கணக்கு, இரகசிய எண் ஆகியவற்றை எவர் கேட்பினும் கைபேசியில் எழுதலாகாது.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியவை

இவ்வழக்கம் ஊரில் வேரூன்றுவது கிராம அதிகாரிகளின் ஒத்தாசையைப் பொறுத்தது. வாரம் ஒரு மாலை, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ குடியானவர்களைக் கூட்டி, அவ்வாரம் வந்த குறிப்புகளை உரக்கப் படிக்கச் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கைபேசி இல்லாதவரும் இதனாற் பயன் பெறுவர். நாற்று நட்டும் களை எடுத்தும் பயிரை மிக அருகிற் காண்பவர்கள் பெண்களே. குத்தகைக்காரரும் கூலியாட்களும் நிலமுடையவர் காணாததைக் காண்பர். இவர்களுடைய சொல்லும் குறிப்பில் ஏறவேண்டும். அவசரச் செய்தியைப் பால் சொசைட்டி வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிவைத்தால், விடியற்காலையிலேயே ஊர் முழுதும் அறிந்துவிடும்.

தயங்கும் முதியவரை வற்புறுத்தலாகாது. கருவியின் பெருமையை அவரிடம் விவரிப்பதைக் காட்டிலும், “இந்த மேகத்திற்கு மழை வருமா? இந்த மண்ணுக்கு எந்த எரு?” என்று அவரையே கேட்டு, அவர் விடையை அவர் பெயரோடு எழுதி ஊராருக்குப் படித்துக் காட்டுவது நலம். தம் சொல் பிறர் வயலிற் பயன்பட்டதைக் கண்டவர், மறு வாரம் தாமே வந்து முன்வரிசையில் அமர்வார்.

நாற்பது சம்பாக் கண்ட ஒருவரின் அனுபவம், எழுதப்படாவிடின் அவரோடு மறைகின்றது. எழுதப்பட்டாலோ, மறு தலைமுறைக்கு அது விதை நெல் போன்றது. விதை நெல்லைக் குதிரில் வைத்தே உளுத்துப்போகவிடுவார் எவருமில்லை. ஆகவே, குடியானவர்கள் ஒவ்வொருவரும் அடுத்த முறை வயலுக்குச் சென்று திரும்பியவுடன், அன்று கண்ட ஒன்றை நான்கு வரியில் எழுதி, கீழ்மடைக்காரருக்கு அனுப்பித் தொடங்குவார்களாக.